சுருட்டுப் பெட்டிக் கிற்றாரும் ஒரு சத்தியமும்

தம்பி,

உன் கலியாணக் கார்ட்கள் புதன்கிழமை வந்து சேர்ந்தன. அச்சகக்காரர் மன்னாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தந்தார். வரும் வழியில் பஸ் ஸ்ராண்டடியில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், ஒரு கழுதை கட்டைப் பிரித்து நாலு கார்ட்டைச் சப்பிவிட்டதாம். “கழுதைக்கும் அழைப்புக் குடுத்தாச்சு ஐயா” என்றார் மனுஷன். மற்றபடி வடிவாகத்தான் இருக்கின்றன. பொன் எழுத்து, தடித்த மட்டை, உன் பெயர், அந்தப் பிள்ளையின் பெயர். நாற்பத்திரண்டு வயது மாப்பிள்ளைக்கு இவ்வளவு பொன் எழுத்து வேணுமோ என்று உன் சித்தி கேட்டாள். பிந்தி வருகிற பஸ்ஸுக்குத்தான் ஹோர்ன் சத்தம் கூட என்று சொன்னேன். சிரித்தோம். அவள் போன பிறகு கார்ட்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். இருந்தேன் என்றால் இன்றைக்கு ஐந்தாம் நாளாக இருக்கிறேன். இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

நீ ஊரை விட்டுப் போய் இருபத்துமூன்று வருஷம். கனடாவில் கார்ட்டைத் தபாலில் போடுவீர்களோ, போனில் அனுப்புவீர்களோ எனக்குத் தெரியாது. நம் ஊர் தாழ்வுபாட்டில் இன்னும் கையில்தான் கொடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய், கதிரையில் இருந்து, தருகிற தேத்தண்ணியைக் குடித்து, “கட்டாயம் எல்லாரும் வரவேணும்” என்று சொல்லி. ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால், விடுபட்ட வீட்டுக்காரனை நடுத்தெருவில் வைத்து அறைந்ததற்குச் சமம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் போன கிழமை போனில் சொன்னாய்: “அப்பா, யூட் வீட்டுக்கு மட்டும் கார்ட் குடுக்காதேங்கோ. அந்தக் கள்ளன் என்ர கலியாணத்துக்கு வரக்கூடாது.” நான் “ஓம்” என்றேன். உன்னோடு கதைக்கும்போது “ஓம்” சொல்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. இந்த நீளக் கடிதம் முழுவதும் அந்த ஒரு கார்ட்டைப் பற்றியதுதான். உன்னோடு ஒன்றாய்த் திரிந்த யூட் கள்ளன் இல்லை. அதைச் சொல்ல எனக்கு இருபத்துநாலு வருஷம் எடுத்திருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசி. எனக்கும் களைப்பாக இருக்கிறது, நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ அனுப்பின பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பாரிசவாதம் வந்து என் இடக்கை வழங்காமல் போனபோது, மன்னார் ஆசுப்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்த பிள்ளை ஒரு ரப்பர் பந்தைத் தந்து, “ஐயா, இதை அமத்திக்கொண்டே இருங்கோ” என்றாள். முப்பத்தைந்து வருஷம் போட் எஞ்சின் கழற்றிப் பூட்டின கைக்கு ரப்பர் பந்து! இரண்டு கிழமையில் அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். அதை உன் சித்தி உனக்குச் சொல்லியிருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் உன் பார்சல் வந்தது. உள்ளே ஒரு சுருட்டுப் பெட்டிக் கிற்றார். மூன்று கம்பி. பெட்டி புதுசு, ஆனால் பழசு மாதிரி மூலைகளை உரசி விட்டிருக்கிறார்கள். ஒரு சுருட்டும் அந்தப் பெட்டியில் இருந்ததில்லை, ஆனால் மேலே சுருட்டுக் கம்பனி லேபல். வீட்டில் செய்தது மாதிரிக் கடையில் செய்து காசுக்கு விற்கிறார்கள், அதையும் என் மகன் வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அதைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ ஏன் அனுப்பினாய் என்று எனக்கு விளங்கியது. நீயும் மறக்கவில்லை.

கூட வந்த சின்னப் புத்தகம் இங்கிலீசில் இருந்தது. படங்களைப் பார்த்து நாலு நாள் மல்லுக்கட்டினேன். வந்தது பூனை வாலை மிதித்த சத்தம். ஊரில் இதைப் பற்றித் தெரிந்தவன் ஒருவன்தான். ஒரு கிழமை யோசித்துவிட்டு, கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவனிடம் நானே தடியை ஊன்றிக்கொண்டு போனேன். அவன் எழும்பி நின்றான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அவனே அனுப்பினவன்?” என்று மட்டும் கேட்டான். “ஓம்” என்றேன். அன்றைக்குப் பின்னேரமே சைக்கிளில் வந்தான். அதிலிருந்து ஒன்பது மாதம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வந்தான். நீ போனில் கேட்டபோது நான் வாசித்துக் காட்டினேனே, “ஆர் அப்பா சொல்லித் தந்தது?” என்று ஆச்சரியப்பட்டாயே, “போனில பாத்துப் பழகினன்” என்று சொன்னேன். அதுவும் பொய். யூட்தான் சொல்லித் தந்தான்.

பெட்டியைப் பார்த்ததும் அவன் முதலில் மோந்து பார்த்தான். “சுருட்டு மணமில்லை” என்றான். பிறகு கம்பிகளைச் சுருதி கூட்டினான். தடித்தது சா, நடுவிலே பா, மெல்லியது மேல் சா. வேறு ஒன்றும் இல்லை. “விரலால கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை அங்கிள், அதுதான் உங்களுக்குத் தோது. ஒரு விரல் வேலை செய்தாக் காணும்” என்றான். விரலில் மாட்டிக் கம்பியில் வழுக்குவதற்குப் போத்தல் கழுத்து வெட்டுவார்களாம். என்னிடம் எஞ்சின் பிளக் கழற்றுகிற, குழாய் மாதிரியான பழைய சொக்கெற் ஒன்று கிடந்தது. சுண்டுவிரலுக்கு அளவாக இருந்தது. நான் அதைக் கம்பியில் வைத்து என் பழக்கத்தில் அமத்தினேன். “ஐயோ, அமத்தாதேங்கோ. தொட்டாப் போதும்.” மறுநாளும் அமத்தினேன். “அங்கிள், இது நட்டு இல்லை. இறுக்கினாச் சத்தம் செத்துப்போம்.” அறுபத்தொன்பது வயதில் ஒருவனிடம் இப்படிப் பேச்சு வாங்குவது எனக்குக் கோபமாகத்தான் வந்தது. இரண்டு தரம் எழும்பி உள்ளே போய்விட்டேன். அவன் போகாமல் விறாந்தையில் இருந்து வாசித்துக்கொண்டேயிருந்தான். பிறகு நானாகவே வெளியே வந்தேன்.

அவன் சொல்லித் தந்தது புளூஸ், அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டு; அது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை என்பான். பன்னிரண்டு தரம் நாலு எண்ண வேண்டும். முதல் நாலு தரம் திறந்த கம்பி, சொக்கெற் தொடாமல். பிறகு தண்டில் குறுக்கே போட்டிருக்கிற ஐந்தாம் கோட்டில் இரண்டு தரம், திரும்பத் திறந்த கம்பிக்கு வந்து இரண்டு தரம். அதன் பிறகு ஏழாம் கோட்டில் ஒரு தரம், ஐந்தாம் கோட்டில் ஒரு தரம், கடைசியில் வீட்டுக்கு வந்து இரண்டு தரம். அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் கோட்டுக்குச் சற்று மேலே, நாலாம் கோட்டுக்குப் போய்ச் சேராத ஒரு இடம் இருக்கிறது. கோயில் ஹார்மோனியத்தில் அந்தச் சுரம் கிடையாது. அங்கே சொக்கெற்றை ஆட்டினால்தான் அது அழும். அந்த இடத்தைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம். பாட்டுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு வரியைச் சொல்வது, அதையே இன்னொரு தரம் சொல்வது, மூன்றாவதில் அதற்குப் பதில் சொல்வது. யூட் தானாகக் கட்டின ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான்:

கடலுக்குப் போனன், கறிக்கும் மீனில்லை,
ஓ, கடலுக்குப் போனன், கறிக்கும் மீனில்லை,
கரைக்கு வந்தன், கேக்கிறதுக்கும் ஆளில்லை.

“நீங்களும் ஒண்டு கட்டுங்கோ அங்கிள். மனசில கிடக்கிறதைச் சொல்லுங்கோ” என்பான். முழங்கால் நோவைப் பற்றி ஒன்று கட்டப் பார்த்தேன். மனசில் கிடந்தது முழங்கால் இல்லை, அதனால் வரவில்லை. ஒவ்வொரு நாளும் எழும்பிப் போகும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்பது ஒன்றுதான்: “அவன் சுகமாய் இருக்கிறானே?” ஒன்பது மாதத்தில் ஒரு நாளாவது அதைக் கேட்காமல் அவன் போனதில்லை.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். உங்கள் முதல் பெட்டி நினைவிருக்கும். நிவாரண வேலைக்கு வந்து மன்னாரில் தங்கியிருந்த அந்த உயரமான வெள்ளைக்காரர் ஒரு புளூஸ் பாட்டுக் கசெற்றும் வெறும் சுருட்டுப் பெட்டியும் தந்துவிட்டுப் போனார். அந்தக் கசெற்றை நீயும் யூட்டும் நாடா தேயத் தேயக் கேட்டீர்கள். தோணி வலிக்கிற உடைந்த துடுப்பைச் சீவிக் கிற்றாருக்குத் தண்டு செய்தீர்கள். சைக்கிள் பிரேக் கேபிளை உரித்துக் கம்பி எடுத்தீர்கள். கோடுகளைப் பென்சிலால் போட்டீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சத்தம் காணாது என்று என் பழைய ரேடியோவை உடைத்து, ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைத்து, நாலு டோர்ச் பற்றறியைக் கட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயரை வெளியே தொங்க விட்டீர்கள். இளந்தாரி ஒன்றுகூடலுக்கு அதை மன்னாருக்குக் கொண்டுபோய் வாசிக்கப் போகிறோம் என்று நீ துள்ளினாய். நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மூடிய பெட்டி, உள்ளே பற்றறி, வெளியே வயர். பார்க்கிறவனுக்கு அது குண்டு. சண்டை நடந்த அந்த நாட்களில் தெருவில் எத்தனை இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி ஆமிக்குப் பையைத் திறந்து காட்டினோம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாட்டுப் பெட்டி என்று நீ வாயைத் திறக்குமுன் என்ன நடக்குமோ என்று பயந்தேன். இரண்டு இரவு நித்திரை இல்லை. உன்னிடம் சொன்னால் நீ கேட்கமாட்டாய். பதினெட்டு வயது, அப்பன் பயந்தாங்கொள்ளி என்ற எண்ணம். அப்பன் பயந்தாங்கொள்ளிதான், அதில் பிழை ஒன்றும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், நீ மன்னாரில் வகுப்பில் இருந்தபோது, அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை எடுத்துச் சாக்கில் போட்டேன். திருத்தி முடித்த எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மரப்பெட்டி மிதக்கும் என்று தெரியும், ஆகவே பழைய பிஸ்டன் ஒன்றைச் சேர்த்துக் கட்டினேன். ஆழம் கண்ட இடத்தில் எஞ்சினை நிறுத்தி இறக்கினேன். கம்பி சாக்கில் உரசி ஒரு தரம் சத்தம் போட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை உனக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று கரைக்கு வந்து வயிறார மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டேன். இதுவரைக்கும் நான் செய்ததை எந்தத் தகப்பனும் மன்னிப்பான்.

பின்னேரம் நீ வந்து அலுமாரியைப் பார்த்தாய். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாய். முதல்நாள்தான் யார் வாசிப்பது என்று உனக்கும் யூட்டுக்கும் சண்டை வந்திருந்தது. “அப்பா, ஆரும் வந்தவையே?” என்று கேட்டாய். சொல்லியிருக்கலாம். நான்தான் எடுத்தேன், பயத்தில் கடலில் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், இரண்டு கிழமை என்னோடு பேசாமல் விட்டிருப்பாய், முடிந்திருக்கும். உன் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. “யூட் மத்தியானம் ஒருக்கா வந்தவன்” என்றேன். அவன் வந்தது உண்மை. நீ நிற்கிறாயோ என்று கேட்டுவிட்டு வாசலோடு போனான். அதை நான் சொல்லவில்லை. மகனே, நான் பொய் சொல்லவில்லை, உண்மையைப் பொய்யின் வேலைக்கு அனுப்பினேன். கலியாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பன் சொல்லக்கூடிய புத்தி என்று ஏதாவது இருந்தால் இதுதான்: அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை அவளே பிழையாக யோசிக்கட்டும் என்று விடாதே. அது பொய்யை விடக் கேவலம், ஏனென்றால் ஒருவரும் உன்னைப் பிடிக்கமாட்டார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நாள். நீ யூட் வீட்டு வாசலில் நின்று போட்ட சத்தத்துக்கு அரை ஊர் கூடிவிட்டது. அவன் தாய் ஞானம்மா அக்கா, கருவாடு பரப்பின கையோடு வந்து, “என்ர பிள்ளை களவெடுக்கான். வா கோயிலுக்கு, அந்தோனியாருக்கு முன்னால சத்தியம் பண்ணட்டும்” என்று அவனை இழுத்துக்கொண்டு நடந்தா. காணாமற் போனதுக்கெல்லாம் அந்தோனியார்தானே நமக்குப் பொலிஸும் கோர்ட்டும். முறைப்படி இரண்டு பக்கத்துக்கும் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். அந்தப் பக்கம் ஞானம்மா அக்கா, இந்தப் பக்கம் நான். மெழுகுதிரியை ஏற்றிப் பிடித்தது நான்தான் தம்பி. யூட் வலக்கையைச் சுவாலைக்கு மேலே பிடித்து, “நான் எடுக்கேல்லை. எடுத்திருந்தாக் கடல் என்னைப் பழி கேக்கட்டும்” என்றான். கை சுட்டது, எடுக்கவில்லை. நான் திரியைச் சரித்துவிட்டேன், மெழுகு அவன் முழங்கையில் வழிந்தது. நீ திரும்பி, ஊர் கேட்க, “பொய்ச் சத்தியம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். அந்தச் சொல் உன்னுடையது. அதை நீ சுமக்க வேண்டும். ஆனால் அதை உன் வாயில் வைத்தவன் நான், பக்கத்தில் திரியோடு நின்றவனும் நான்.

ஏன் பிறகும் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வெட்கம் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு நானே சோடனை செய்து என்ன பயன்? எனக்கு அது தோதாக இருந்தது. யூட்டின் தகப்பன் குடித்துக் குடித்துச் செத்தவன், அவன் படிப்பை விட்டவன், அவனோடு சேர்ந்து நீயும் கடற்கரையோடு நின்றுவிடுவாய் என்று எனக்குப் பயம். நீங்கள் பிரிந்தீர்கள், நீ கோபத்தோடு படித்தாய், கொழும்புக்குப் போனாய், பிறகு கனடாவுக்குப் போனாய். என் திட்டம் பலித்தது போல இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன். அப்படித்தான் தம்பி, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நீ போய் ஆறேழு வருஷத்தில் நங்கூரக் கயிறு சுற்றி யூட்டின் இடக்கையில் இரண்டு விரல் போயிற்று. நடுவிரலும் மோதிரவிரலும். ஊர் என்ன சொல்லும்? “சத்தியம் பழி கேட்டுப்போட்டுது” என்றது. நெருப்புக்கு மேலே பிடித்தது வலக்கை, போனது இடக்கை, அதைக்கூட யோசிக்காத சனம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஆனால் இந்த ஊர் வாயை மூட என்னிடம் ஒரு மூடி இருந்தது, நான் மூடவில்லை. பொய்ச் சத்தியக்காரனை ஏற்றினால் தொழில் படுத்துவிடும் என்று, போட் வைத்திருக்கிற சம்மாட்டிமார் அவனைப் போட்டில் எடுக்கமாட்டார்கள். பெண் கேட்டுப் போன இடங்களிலும் இந்தக் கதை அவனுக்கு முன்னாலே போய் இருந்தது. மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுத்துச் சீவிக்கிறான். மிச்சமிருக்கிற சுண்டுவிரலில் போத்தல் கழுத்தை மாட்டித்தான் எனக்கு வாசித்துக் காட்டுவான். ஒரு விரல் வேலை செய்தாக் காணும் என்று அவன் முதல்நாள் சொன்னது தன் அனுபவத்தில்தான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வியாழக்கிழமை அவன் வந்தபோது மேசையில் கார்ட் கட்டைப் பார்த்துவிட்டான். தொட்டுப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்து, சுருதி கூட்டிக்கொண்டே, “சேட் ஒண்டு தைக்கக் குடுத்திருக்கிறன் அங்கிள். நீலம். அவனுக்கு நீலம் பிடிக்குமெல்லோ” என்றான். பிறகு, “இவ்வளவு காலத்துக்குப் பிறகு கோவம் போயிருக்கும், என்ன?” என்றான். நான் கம்பியில் சொக்கெற்றை வைத்தபடி இருந்தேன். சொக்கெற் வழுக்கியது, பெட்டி அழுதது. “யூட், பெட்டியைக் கடலுக்குள்ள போட்டது நான்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. என் மடியில் இருந்த இந்தப் புதுப் பெட்டியைப் பார்த்தான். இன்னொரு தரம் சொன்னேன்: “அந்தப் பெட்டியைக் கடலுக்குள்ள போட்டது நான். பயத்தில போட்டனான். நீ சத்தியம் பண்ணேக்க தெரிஞ்சுகொண்டுதான் திரி பிடிச்சனான்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கையைத் துடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “அம்மா இருக்கேக்க சொல்லியிருக்கலாம் அங்கிள்.” நான் வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். “விரல் போன பிறகு அம்மாவும் நம்பிப்போட்டா. ஒவ்வொரு செவ்வாயும் எனக்காண்டி முழங்காலில நடந்தவ. கடைசியில படுக்கையில கிடந்துகொண்டு, போய்ப் பாவசங்கீர்த்தனம் செய் மகனே, உன்னைப் பாவத்தோட விட்டிட்டுப் போக ஏலாது எண்டு அழுதவ. நான் சாமியிட்டப் போய், ஓம் சாமி, களவெடுத்தனான், பொய்ச் சத்தியமும் பண்ணினனான் எண்டு முழங்காலில இருந்து சொன்னனான் அங்கிள். செய்யாததைச் சொன்னனான். வந்து அம்மாட்டச் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் அவ கண்ணை மூடினவ.” எழும்பினான். பெட்டியைச் சுவரோடு பத்திரமாகச் சாய்த்து வைத்தான். நீ சுகமோ என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை. வெள்ளி வரவில்லை, நேற்றும் வரவில்லை. நாளைக்கு வருவான் என்று சொல்ல எனக்கு வாயில்லை, வரவேண்டும் என்று கேட்க முகமுமில்லை.

நான் செய்யப் போவதைச் சொல்கிறேன், அனுமதி கேட்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து சனம் கலையுமுன், அந்தோனியாருக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சாமியாரிடம் கேட்டுவிட்டேன். ஊர் உனக்குப் போன் எடுக்குமுன் நீ என்னிடமிருந்தே அறிய வேண்டும், அதனால் இந்தக் கடிதத்தைச் சித்தி நாளைக்குக் காலையில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். முதல் கார்ட்டை யூட் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிற்பேன். வாங்குவானோ, முகத்தில் எறிவானோ, இரண்டும் அவன் உரிமை. என்னை உன் கலியாணத்தில் முன் வரிசையில் வைப்பதும், பின்னால் வைப்பதும், வரவேண்டாம் என்பதும் உன் உரிமை. நான் களைத்துவிட்டேன் தம்பி. இதை இனியும் தூக்க என்னால் ஏலாது, அதற்காக உன் தோளில் வைக்கிறேன் என்று நினைக்காதே. உன் பங்கு ஒன்று இருக்கிறது, அதை மட்டும்தான் கேட்கிறேன்.

நீ வந்து இறங்கினதும் நேரே நம்முடைய வீட்டுக்கு வராதே. யூட்டைக் கூட்டிக்கொண்டு, அவன் வராவிட்டால் தனியாக, முதலில் சேமக்காலைக்குப் போ. ஞானம்மா அக்காவின் கல்லறை கிழக்கு மதிலோரம், மூன்றாவது. அங்கே நின்று, “உங்கட மகன் பொய்ச் சத்தியம் பண்ணேல்லை, நான்தான் பிழையாச் சொன்னனான்” என்று சொல்லு. உரத்துச் சொல்லு, தம்பி. கடைசிக் காலத்தில் அவவுக்குக் காது மந்தம்.

அப்பா